இரண்டு பாதியாக வந்த துவக்கு

போன கிழமை மதுரா தொலைபேசியில் அழைத்தாள். நான் வேலை செய்து ஓய்வு பெற்ற துவக்கு, அதாவது துப்பாக்கி, திருத்தும் கடையில் இப்போது என் மேசையில் இருப்பவள் அவள்தான். இங்கே ரொறன்ரோவிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை.

"அன்ரி, பிஸியா? ஒரு கஸ்ரமர் பழைய பம்ப் துவக்கு ஒண்டு கொண்டுவந்தவர். மரமெல்லாம் வெடிச்சுப்போய்க் கிடக்கு. பிளாஸ்ரிக்கிலை புதுசு போடுவம், லைற்றாயும் இருக்கும், தண்ணியும் ஊறாது எண்டு சொன்னன். லைக், நான் என்னவோ அவரின்ரை அம்மாவைப் பேசின மாதிரிக் கோவிச்சுப்போட்டார். ஏன் அன்ரி உவையளுக்கு உந்தப் பழசிலை இவ்வளவு விசர்?"

"விசர்தான் பிள்ளை. ஆனால் காரணமில்லாத விசர் இல்லை," என்றேன். அதற்குமேல் சொல்ல முடியவில்லை. அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ஊரில் தபால் கந்தோரில் இருந்தவள் நான். ரொறன்ரோவுக்கு வந்து, ஸ்காபரோவில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் மேசை கதிரைகளுக்கு வார்ணிஷ் அடிக்கப் பழகினேன். கை அந்த வேலைக்குப் படிந்துவந்த நேரத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். பிறகு பேப்பரில் ஒரு விளம்பரம் கண்டேன். மரம் மினுக்கத் தெரிந்த ஆள் தேவை என்று மட்டும் போட்டிருந்தது. இன்னொரு தளபாடக் கடை என்று நினைத்து பஸ் ஏறிப் போய்க் கதவைத் திறந்தேன். சுவர் முழுக்கத் துவக்குகள்.

திரும்பி ஓடத்தான் நினைத்தேன். அதுவரை நான் கண்ட துவக்குகள் எல்லாவற்றுக்கும் பின்னால் யாராவது ஒருவர் நின்றிருந்தார். இங்கே ஒருவரும் நிற்கவில்லை. சில துவக்குகளுக்குக் குழல் இல்லை, சிலதுக்கு விசை இல்லை. தோளில் அணைக்கும் மரப்பகுதியைச் சோங்கு என்போமே, அது உடைந்து நாடாவால் சுற்றப்பட்டிருந்தது ஒன்றில். பார்க்கப் பாவமாக இருந்தது.

கடைக்காரர் கோர்டன் உயரமான, ஆறுதலான மனிதர். மூக்கு நுனியில் கண்ணாடி. அது விழாமல் இருக்கக் கழுத்தில் ஒரு சப்பாத்துக் கயிறு. ஒரு வால்நட் மரச் சோங்கை என் கையில் தந்தார். பெருவிரலால் தடவிப் பார்த்தேன்.

"ஆரோ மரத்தின்ரை ஓட்டத்துக்குக் குறுக்கை உரஞ்சிப்போட்டினம்," என்றேன்.

"அது நான்தான்," என்றார் கோர்டன். "திங்கக்கிழமை வரேலுமோ?"

அவரும் வாடிக்கையாளர்களும் பேசியது இங்கிலீசில். எனக்கு அது மனதில் எங்கள் தமிழாகவே பதிந்திருக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

என் கணவர் ராசனுக்குப் பிறம்ரனில் ஒரு வெயர்ஹவுசில் வேலை. இரவு வந்து சாப்பிட உட்கார்ந்தவரிடம் சொன்னேன். சோற்றில் வைத்த கை நின்றுவிட்டது.

"துவக்குக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடிவந்து, துவக்குக் கடையிலையோ வேலைக்குப் போகப்போறீர்?"

"அங்கை இருக்கிற துவக்கெல்லாம் வருத்தம் வந்து படுத்திருக்குதுகளப்பா. நான் நேர்ஸ் வேலைக்குப் போறன் எண்டு நினையுங்கோ."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன்பிறகு உறவினர் யாராவது கேட்டால், "அவ ஆஸ்பத்திரியிலை வேலை" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

பொலிஸ் விசாரணை, பாதுகாப்பு வகுப்பு, அனுமதி எல்லாம் முடிந்து, முதல் வருடம் உரஞ்சுவதிலும் எண்ணெய் தேய்ப்பதிலும் போயிற்று. இரண்டாம் வருடம் வெடித்த மரத்தை ஒட்டவும், புதிய சோங்கு செதுக்கவும் பழகினேன். கோர்டன் ஒருநாளும் விளங்கப்படுத்த மாட்டார். செய்ததைத் தூக்கிப் பார்ப்பார். பிழையென்றால் ஒன்றும் சொல்லாமல் திரும்ப என் மேசையில் வைப்பார். சரியென்றால், போதும் என்ற அர்த்தத்தில் "காணும்" என்பார். அதற்குமேல் ஒரு பாராட்டு அவரிடம் கிடையாது.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் அசையமாட்டார். துவக்கு மேசைக்கு வந்தவுடன், கொண்டுவந்தவரின் முகத்தையும் பார்க்காமல், திறந்து தோட்டா இருக்கும் அறைக்குள் சின்னிவிரலை விடுவார். பிறகு என் பக்கம் நீட்டுவார். நானும் விரலை விட வேண்டும். வெறும் குழல்தான் என்று கண்ணுக்குத் தெரிந்தாலும், ஒரு நிமிடத்துக்கு முன் அவரே பார்த்திருந்தாலும், விரல் போக வேண்டும். அது முடிந்தபிறகுதான் "குட் மோர்னிங்." அதன்பிறகு நான் துவக்கில் அடித்திருக்கும் இலக்கத்தை உரத்து வாசிக்க வேண்டும், அவர் கடையின் எந்த மூலையில் நின்றாலும் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னபிறகுதான் அட்டை கட்டுவோம்.

இன்னொரு விதியும் இருந்தது. ஒரு வாடிக்கையாளரின் துவக்கைப் பற்றி இன்னொருவரிடம் மூச்சும் விடக்கூடாது. எனக்கு முன்பு அங்கே வேலை செய்த ஒருவர், எந்த வீட்டில் எத்தனை நல்ல துவக்குகள் இருக்கின்றன என்று கோப்பிக் கடையில் பெருமையடித்திருக்கிறார். அந்த வீட்டுக் கதவைக் கள்ளர் உடைத்தார்கள். கோர்டன் அவரை அன்றே அனுப்பிவிட்டார். அதை என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

கடைக்கு வந்தவற்றில் பாதிக்குமேல் பழைய பம்ப் துவக்குகள். குழலுக்குக் கீழே ஒரு மர முன்பிடி இருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கோது வெளியே பாயும். முன்னால் தள்ளினால் புதுத் தோட்டா உள்ளே ஏறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற மாதிரி ஓர் அசைவு, அதனால் அந்தப் பெயர். எங்கள் கடையின் கண்ணாடி யன்னலில் 'பழைய பம்ப் திருத்துவோம்' என்று கோர்டன் இங்கிலீசில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார். துவக்கு என்ற சொல்லை வீதிக்குக் காட்டுவது அவருக்கு விருப்பமில்லை.

ஒரு வசந்தகாலத்தில், பனி உருகி எல்லா வீட்டு பேஸ்மென்ற்றுக்குள்ளும் தண்ணீர் வந்துகொண்டிருந்த கிழமை, எங்கள் ஆள் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மட்டக்களப்புக்காரர், மோர்னிங்சைட்டில் வீடு. இரண்டு கையாலும் சேறு சொட்டும் ஒரு தண்ணீர்ப் பம்பை அணைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க தமிழா? நல்லதாப் போச்சு. இது நேத்து நின்டுபோச்சு. மறுகா பேஸ்மென்ற் முழுக்கத் தண்ணி..." என்றவர், அப்போதுதான் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். பம்பை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் வைத்தார். "நான் மறுகா வாறன் அக்கா."

நான் சிரிப்பை அடக்கமாட்டாமல் நிற்க, கோர்டன் வந்து அந்தப் பம்பை வாங்கி மேசையில் வைத்தார். பழக்கதோஷத்தில் அதன் வாய்க்குள் சின்னிவிரலை விட்டார். விட்டவர் ஒரு சின்னக் கூழாங்கல்லை வெளியே எடுத்தார். பம்ப் அதற்குப் பிறகு ஓடியது. அந்த மனிதர் அடுத்தநாள் மனைவி செய்த தொதல் இனிப்போடு வந்து, வாசலுக்கு வெளியே நின்றே தந்துவிட்டுப் போனார்.

இனி மதுராவின் கேள்விக்கு வருகிறேன்.

எங்கள் கடைக்கு இரண்டு வகை ஆட்கள் வந்தார்கள். வேட்டைக்காரர் வந்தால் துவக்கைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, தோளில் அணைத்து, பிறகு கண்ணைத் திறப்பார். குழல் தான் பார்க்க நினைத்த இடத்தைத் தானாகவே பார்த்துக்கொண்டிருந்தால் முகம் மலரும். குளிரில் தடித்த கையுறையோடு இழுக்கலாம், மழையில் நனைந்தாலும் வேலை செய்யும், சேற்றில் விழுந்தால் துடைத்துவிட்டுச் சுடலாம். அவருக்கு வேண்டியது அது. சேகரிப்பவர் துவக்கைத் தோளுக்குக் கொண்டுபோவதே இல்லை. பூதக்கண்ணாடியை எடுப்பார். துருப்பிடிக்காமல் இரும்பில் ஏற்றும் நீலநிறம் முதல்நாள் ஏற்றிய அதே நிறமா, மரம் முதல்நாள் வந்த அதே மரமா, இலக்கங்கள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். எவராவது மினுக்கிப் புதிதாக்கியிருந்தால், செத்த வீட்டுக்கு வந்தவர்போல் தலையை ஆட்டுவார்.

இரண்டு பேரையும் மயக்குவது ஒன்றேதான். அந்தக் காலத்துப் பம்ப் துவக்கின் பாகங்களை இரும்புக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் கையால் அரம் பிடித்து ராவிப் பொருத்தியிருப்பார். முன்பிடியை இழுத்தால் உரசுகிற உணர்வே இருக்காது. கோர்டன் ஒரு பழைய துவக்கின் குழலை மேலே நிமிர்த்திப் பிடித்து, தடையை விடுவிப்பார். முன்பிடி தன் பாரத்திலேயே வழுக்கிக் கீழே இறங்கும். பிறகு முன்னால் தள்ளும்போது ஒரு சத்தம் வரும், கனத்த பெட்டகம் ஒன்று நிதானமாகப் பூட்டிக்கொள்வதுபோல. அந்தச் சத்தத்துக்குக் கடையில் நிற்பவர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்தித் திரும்புவார்கள். துவக்கை வெறுத்த நானும் திரும்புவேன்.

அந்த இரண்டு வகை ஆட்களும் ஒரே வீட்டில் பிறந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு கோடைகால முடிவில் கண்டேன்.

விட்பியில் கென்னத் என்று ஒரு பல் வைத்தியர் இருந்தார். எங்களுக்குப் பழைய வாடிக்கையாளர், சேகரிப்பவர். பல்லுப் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைச் சட்டைப்பையில் கொண்டுவந்து துவக்கின் உட்பக்கத்தைப் பார்ப்பார். இலக்கம் ஒத்துப்போகாமல் ஓர் ஆணியும் வாங்காதவர். அவர் ஒருநாள் ஒரு துணியில் சுற்றி முன்பாதித் துவக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துத் துவக்குகள் பலதை நடுவில் இரண்டாகக் கழற்றலாம். குழலும் முன்பிடியும் ஒரு பாதி. விசையும் சோங்கும் மற்றப் பாதி. இலக்கம் இரண்டு பாதியிலும் அடித்திருக்கும். கென்னத் முன்பாதியோடு, எங்கேயோ வாங்கிய வேறொரு துவக்கின் பின்பாதியையும் மேசையில் வைத்தார்.

"இது ரெண்டையும் பொருத்தித் தாங்கோ."

"இதின்ரை சொந்தப் பின்பாதி எங்கை?" என்று கோர்டன் கேட்டார்.

"அது கிடையாது."

"வேறை துவக்கின்ரை பாதியோடை பொருத்திறதெண்டால் அரத்தாலை ராவ வேணும். ராவினால் பிறகு சொந்தப் பாதியோடை ஒருநாளும் சரியா இருக்காது."

"தெரியும். செய்யுங்கோ," என்றார் கென்னத். அவர் முகம் இறுகியிருந்தது. அவர் போனபிறகு நான் முன்பாதியைத் துணியிலிருந்து எடுத்துப் பார்த்தேன். முன்பிடியில் வருடக்கணக்காக ஒரே கை பிடித்த இடம் குழிந்து கறுத்திருந்தது.

கோர்டன் அந்த வேலையைத் தள்ளித் தள்ளி வைத்தார். கடைசியில் ஒரு காலையில் அந்தப் பாதியை இடுக்கியில் இறுக்கிப் பூட்டினார். அதே நேரத்தில் வாசலில் ஒரு பெரிய ட்ரக் வந்து நின்று கடைக்குள் வெளிச்சத்தை மறைத்தது. அதிலிருந்து நரைத்த தலையும் கனத்த சப்பாத்துமாக ஒரு பெண் இறங்கி வந்தார். பெயர் ஐரீன். பிறம்ரனிலிருந்து சரக்கு ஏற்றி ஓட்டுகிறவர். குளியல் துவாயில் சுற்றிக் கொண்டுவந்ததை மேசையில் போட்டார். ஒரு துவக்கின் பின்பாதி. சோங்கின் மெலிந்த கழுத்துப் பகுதி நீளமாக வெடித்திருந்தது.

"இதுக்கு ஒரு குழல் தேடித் தாங்கோ. எந்தக் குழலெண்டாலும் பரவாயில்லை, ராவிப் பூட்டுங்கோ. மரத்தையும் ஒட்ட வேணும். வேட்டைக் காலம் துவங்கப்போகுது."

நான் விரலை விட்டுப் பார்த்தேன். பிறகு இலக்கத்தை உரத்து வாசித்தேன். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. கேட்கவில்லையாக்கும் என்று இன்னும் உரத்து வாசித்தேன். அப்போதும் பதில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். கோர்டன் இடுக்கிக்கு மேல் குனிந்து நின்றார். அரம் அவர் கையில் அந்தரத்தில் நின்றது. அவர் கண் இடுக்கியிலிருந்த பாதியின் இலக்கத்தில் இருந்தது.

அரத்தோடேயே முன்னுக்கு வந்தார். ஐரீனுடைய பாதியை எடுத்துப் பார்த்தார்.

"சனிக்கிழமை காலமை வாங்கோ. ராவிறதுக்கு முன்னம் உங்களோடை கதைக்க வேணும்," என்றார். ஐரீன் தோளைக் குலுக்கிவிட்டு ட்ரக்கில் ஏறிப் போனார்.

நான் ஓடிப்போய் இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒரே இலக்கம். இரண்டிலும் ஒரேமாதிரித் தேய்ந்த இரும்பு.

"கோர்டன், அவைக்குச் சொல்ல வேணும்."

"ஏலாது, ஈசு," என்றார், என்னை எப்போதும் கூப்பிடுவதுபோல. "ஒருத்தற்றை துவக்கைப் பற்றி மற்றவருக்குச் சொல்லுறேல்லை. உமக்குத் தெரியும் ஏனெண்டு."

"அப்ப அரத்தை எடுத்து ராவப்போறீங்களோ?"

"கேட்ட வேலையைச் செய்யத்தானே கடை வைச்சிருக்கிறன்."

அவருக்கு எதிராக நான் அதுவரை ஒரு சொல் சொன்னதில்லை. வீட்டு வாடகை என் சம்பளத்தையும் நம்பியிருந்தது. ஆனாலும் இரண்டு பாதிகளின்மேலும் கையை விரித்து வைத்துக்கொண்டேன்.

"உங்கடை விதி ரெண்டு துவக்குக்கு," என்றேன். "இது ரெண்டில்லை. ஒண்டு. இப்ப நீங்கள் எந்தப் பாதியை ராவினாலும் மற்ற ஆளைக் கேளாமல் அவையின்ரை துவக்கை வெட்டுறீங்கள்."

கோர்டன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு அரத்தை அதன் ஆணியில் கொழுவிவிட்டு, தொலைபேசியை எடுத்து, கென்னத்தையும் சனிக்கிழமை காலை வரச் சொன்னார்.

சனிக்கிழமை கென்னத் முதலில் வந்தார். அவர் மேசைக்கு வர முன்னமே வெளியே ட்ரக் வந்து நின்றது. ஐரீன் உள்ளே வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீ இங்கை என்ன செய்யிறாய்?" என்றார் கென்னத்.

"பல்லுப் பிடுங்க வந்தனான்," என்றார் ஐரீன்.

இரண்டு முகங்களையும் பக்கத்தில் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது, அக்காவும் தம்பியும் என்று. கோர்டன் மேசையில் விரித்த தடித்த துணியில் இரண்டு பாதிகளையும் வைத்தார்.

"எனக்குத் தெரிஞ்சு இது ஒரு துவக்கு," என்றார். "நீங்கள் ரெண்டு பேரும் இதை வெட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறியள். ரெண்டு பேரும் ஒண்டாச் சொன்னால் வெட்டுறன்."

அதற்குப் பிறகு கடைக்குள் நடந்ததை வீதியில் போனவர்களும் கேட்டிருப்பார்கள். துவக்கு அவர்களின் தகப்பனாருடையது. இரண்டு பேருக்கும் சேர்த்து விட்டுவிட்டு இறந்துபோனார். வீட்டை ஒதுக்கிய அன்று சண்டை வந்து, கோபத்தில் இரண்டாகக் கழற்றி ஆளுக்கொரு பாதியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அதன்பிறகு பேச்சில்லை.

"கண்ணாடி அலுமாரிக்குள்ளை வைச்சுப் பார்க்கவோ அப்பா இதை வைச்சிருந்தவர்?" என்றார் ஐரீன். "சுடாத துவக்கு வெறும் தண்ணிக் குழாய்."

"நீ இதைக் கொண்டுபோய் வாத்துச் சுடுவாய். இப்ப வாத்துக்கு ஈயச் சன்னக் குண்டு பாவிக்கச் சட்டம் விடாது, இரும்புச் சன்னம்தான். ரெண்டு சீசனிலை குழலின்ரை வாய் போயிடும். அப்பாவின்ரை கை பட்ட துவக்கு இது!"

"அப்பாவோடை குளிருக்குள்ளை நிண்டது நான். நீ வீட்டுக்குள்ளை இருந்து புத்தகம் பார்த்தனி."

"என்னைக் கூப்பிட்டவரோ?" என்றார் கென்னத். குரல் சட்டென்று தாழ்ந்துவிட்டது. "ஒருநாளும் கூப்பிடேல்லை. எனக்கு இழுப்பு. இருமி இருமிக் குருவியளைக் கலைச்சுப்போடுவன் எண்டு சொன்னவர்."

கோர்டன் யன்னலுக்கு வெளியே பார்த்தார். இப்படியான நேரத்தில் என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது மர வேலை. சோங்கைக் கையில் எடுத்தேன். வெடிப்பைப் பார்த்தேன். பிறகு அடிப்பக்கத்தில் ஒரு வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் இருப்பதைக் கண்டேன்.

"வெடிப்பை ஒட்டேக்கை இந்தக் குழியளையும் அடைச்சு விடட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம்!" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில்.

திடுக்கிட்டுப்போனேன். அவர்களும்தான்.

"அது பிஸ்கற்றின்ரை பல்லு," என்றார் கென்னத்.

பிஸ்கற் அவர்களின் நாய். தன்னை விட்டுவிட்டுத் தகப்பனார் வேட்டைக்குப் புறப்பட்டபோது, சோங்கைக் கவ்விக்கொண்டு கார் கதவு மூடவிடாமல் இழுத்திருக்கிறது. "தெருவழிய எல்லாம் இழுபட்டது. அப்பா ஒரு பக்கம், பிஸ்கற் மற்றப் பக்கம்," என்று ஐரீன் கையால் காட்டினார். "கடைசியிலை ஆர் விட்டது?" என்று கென்னத் கேட்டார். "அப்பாதான்! பிஸ்கற்றைக் காரிலை முன்சீற்றிலை ஏத்திக்கொண்டு போனவர். நான் பின்னாலை இருந்தனான்!" ஐரீன் சிரிக்கத் தொடங்கினார். கென்னத்தும் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறும்வரை.

அந்த இடைவெளியில் கோர்டன் இரண்டு பாதிகளையும் எடுத்தார். முன்பிடியை முன்னால் தள்ளி, குழலைப் பின்பாதிக்குள் விட்டு, கால் சுற்றுத் திருப்பினார். குழலுக்குக் கீழே இருக்கும் தோட்டாக் குழாயைப் பின்னால் இழுத்துத் திருப்பிப் பூட்டினார். ஓர் இடத்திலும் சிக்கவில்லை. திறந்து விரலை விட்டார், நானும் விட்டேன். பிறகு குழலை நிமிர்த்தினார். முன்பிடி தானாக இறங்கியது. முன்னால் தள்ளினார். அந்தச் சத்தம்.

"அப்பா சமையலறையிலை நிண்டு செய்யிற சத்தம்," என்றார் கென்னத்.

உடனே சமாதானமாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். மதியம்வரை வாதாடினார்கள். கோர்டன் கோப்பி ஊற்றிக் கொடுத்தார். முடிவில் வாத்து வேட்டை இல்லை என்று ஐரீன் ஒத்துக்கொண்டார். காட்டுக் கவுதாரிக்கு ஈயச் சன்னம் பாவிக்கலாம், அது குழலுக்குக் கெடுதல் செய்யாது. அதற்கு மட்டும் கொண்டுபோகலாம் என்று கென்னத் இறங்கிவந்தார். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்.

"துவக்குப் போற இடமெல்லாம் நானும் வருவன். காவலுக்கு."

"இருமினால்?"

"இருமுவன்தான்."

"சரி, வா," என்றார் ஐரீன்.

அதன்பிறகு வேலை என் மேசைக்கு வந்தது. என் வேலைக்காலத்தில் அதுபோல ஒரு பாடு நான் பட்டதில்லை. வெடிப்புக்குள் பல வருடத்து எண்ணெய் ஊறியிருந்தது. எண்ணெய் இருக்கும்வரை பசை பிடிக்காது. வெள்ளைச் சுண்ணப் பொடியைக் கரைப்பானில் பசைபோலக் குழைத்து வெடிப்பின்மேல் அப்பி, விளக்குச் சூட்டில் காயவிட்டேன். பொடி எண்ணெயைக் குடித்து மஞ்சளாகும். தட்டிவிட்டுத் திரும்ப அப்ப வேண்டும். பொடி வெள்ளையாகவே காயும்வரை அதைச் செய்தேன். பிறகு ஒரு மெல்லிய ஆப்பால் வெடிப்பைக் கொஞ்சமாகத் திறந்து, பசையை ஊசியால் உள்ளே விட்டு, வெளியே தெரியாமல் உள்பக்கத்திலிருந்து ஒரு பித்தளை ஆணி இறக்கி, சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிச் சுற்றினேன். பிதுங்கிவந்த பசையைத் துடைக்கும்போது பக்கத்து நிறம் ஒரு துளியும் எழும்பிவரக்கூடாது. உரஞ்சும் அரத்தாள் தொடக்கூடாது என்பது கென்னத்தின் உத்தரவு. கிழமைக்கு இரண்டு முறை விட்பியிலிருந்து வந்து, பல் கண்ணாடியோடு என் தோளுக்குப் பின்னால் நிற்பார்.

"வாயைத் திறவுங்கோ எண்டு சொல்லாத குறைதான்," என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். அவர் கண்ணாடியைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு எனக்கு டோனட் வாங்கி வந்தார்.

டியூபை அவிழ்த்த அன்று கோர்டன் சோங்கைக் கையில் எடுத்தார். யன்னலடிக்குப் போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெடிப்பு எந்தப் பக்கத்தில் இருந்தது என்று அவருக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. "காணும்" என்று சொல்வார் என்று நின்றேன். அவரோ தன்னுடைய சொந்தத் துவக்கை, வேறு ஒருவரையும் தொடவிடாத துவக்கை, அலுமாரியிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். "இதின்ரை மரத்தையும் ஒருக்காப் பாரும்," என்றார்.

வேட்டைக் காலம் தொடங்கியது. இலைகள் கொட்டி, முதல் பனி விழுந்து கரைந்தது. ஒரு மத்தியானம் கென்னத் வந்தார். அவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. எப்போதும் கோட்டும் டையுமாக வருகிறவர், முழங்கால்வரை சேறு பிடித்த சப்பாத்தோடு நின்றார். மூக்கு சிவந்து உரிந்திருந்தது. வாசலுக்கு வெளியே ட்ரக் இயந்திரம் நிற்காமல் இரைந்துகொண்டிருந்தது. ஐரீன் அதற்குள் இருந்து எனக்குக் கை காட்டினார்.

"ஏதேன் சுட்டீங்களோ?" என்று கேட்டேன்.

"அவ சுட்டவ. நான் ரெண்டு மரத்துக்கும் ஒரு வேலிக்கும் சுட்டனான்," என்றார் பெருமையாக. பிறகு துவக்கை மேசையில் வைத்தார். நான் திறந்து விரலை விட்டேன். கோர்டனும் வந்து விரலை விட்டார். அதன்பிறகுதான் கென்னத் சோங்கைத் திருப்பி எனக்குக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்க, புத்தம்புதிதாக, நகம் போகும் ஆழத்தில் ஒரு கீறல்.

"கல்லிலை வழுக்கி விழுந்திட்டன். துவக்கு எனக்குக் கீழை."

இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றிய மரம். அதைவிட, இந்த மனிதர் இன்று எவ்வளவு துடித்திருப்பார் என்று நினைத்தேன்.

"யோசியாதேங்கோ. ஈரத்துணியும் சூடும் வைச்சு மரத்தை எழுப்பிவிடலாம். நிறம் தேய்ச்சால் ஆருக்கும் தெரியாது. ஒரு கிழமை தாங்கோ," என்றேன்.

கென்னத் துவக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தொட்டுப்போடாதேங்கோ," என்றார். "காட்டத்தான் கொண்டுவந்தனான். இது என்ரை கீறல்."